உடைமைக் காப்பீடு: தம்பானூர் உணர்த்தும் பாடம்

திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையமும் கேரள அரசு சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் மத்தியப் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ள இடம் தம்பானூர். 1918இல் கொல்லத்திலிருந்து சாலைப் பகுதி வரை வந்த இருப்புப்பாதை, 1931இல் இங்கு நீட்டப்பட்டது. அதுமுதல் நகரின் வாயிலாக விளங்குவது இப்பகுதியே. நாகர்கோவிலிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் நாள்தோறும் வந்து செல்லும் தமிழ் மக்களுக்கும் இது நன்கு பழகிய இடமாகும். விடுதிகள், உணவகங்கள், துணிக்கடைகள், மருந்துக்கடைகள், கைப்பேசி பழுதுபார்க்கும் சிறு கடைகள், வாடகை அறைகள் ஆகியவை நெருங்கி நிற்கும் இவ்வட்டாரத்தில் இரு வகை இழப்புகள் மக்களை அச்சுறுத்துகின்றன. ஒன்று மழை வெள்ளம், மற்றொன்று திருட்டு.

இவ்விரு இழப்புகளிலிருந்தும் உயிரைப்போலவே உடைமையையும் பொருளாதார நிலையில் காத்துக்கொள்ளக் காப்பீடு என்னும் ஏற்பாடு உண்டு. ஆனால் காப்பீட்டுப் பத்திரம் பெற்றவர்களிலும் பலர் அதில் எழுதியிருப்பது யாது என்பதை இழப்பு நேர்ந்த பின்னரே அறிகின்றனர். மக்கள் வழக்கில் ஒரு சொல்லுக்கு உள்ள பொருளும் பத்திரத்தில் அதே சொல்லுக்கு உள்ள பொருளும் பல இடங்களில் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டை முன்கூட்டியே அறிவதுதான் காப்பீட்டின் முழுப் பயனைப் பெறும் வழியாகும்.

தாழ்நிலமும் தண்ணீரும்

இடவப்பாதி என்றும் துலாவர்ஷம் என்றும் மலையாள நாட்டில் அழைக்கப்படும் இரு பருவமழைகளையும் பெறும் நகரம் திருவனந்தபுரம். சுற்றிலும் மேடுகள் அமைய, தம்பானூர் தாழ்ந்து கிடக்கிறது. மேட்டுப் பகுதிகளின் நீர் இவ்வழியே வடிய வேண்டியுள்ளது. அந்நீரைச் சுமந்து செல்வது ஆமயிழஞ்சான் தோடு என்னும் கால்வாய். நகரின் ஊடே பாய்ந்து ஆக்குளம் காயலை நோக்கிச் செல்லும் இக்கால்வாய், தம்பானூரில் ரயில் பாதைகளின் அடியில் நூறு மீட்டருக்கும் மேற்பட்ட தூரம் மூடிய வழியாகச் செல்கிறது. குப்பையும் சேறும் அங்கு அடைத்துக்கொண்டால், சில மணி நேரக் கனமழையிலேயே தெரு நீர் கடைகளுக்குள் புகுந்துவிடும்.

இக்குறையைப் போக்க 2015இல் 'ஆபரேஷன் அனந்தா' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் அளிக்கும் அதிகாரங்களைப் பயன்படுத்திக் கால்வாய்களின்மீதிருந்த ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன. வடிகால்கள் தூர் வாரப்பட்டன. ஆயினும் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. 2023 அக்டோபரில் பெய்த கனமழையில் நகரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. 2024 ஜூலையில் ரயில் நிலையத்தை ஒட்டி இக்கால்வாயின் குப்பையை அகற்றிக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர் ஒருவர் நீரில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். வடிகால் என்பது வெறும் பொறியியல் பொருளன்று, மக்களின் உயிரோடும் உடைமையோடும் பிணைந்தது என்பதை இத்துயரம் நாட்டுக்கு உணர்த்தியது.

2018 ஆகஸ்டில் கேரளம் முழுவதையும் தாக்கிய பெருவெள்ளத்திற்குப் பின், மாநிலத்தின் மீட்புப் பணிகளுக்குச் சுமார் 31,000 கோடி ரூபாய் தேவைப்படும் எனக் கணக்கிடப்பட்டது. இத்தகைய பேரிழப்பில் அரசு வழங்கும் நிவாரணம் உடனடித் துயர் துடைக்கும் உதவியே ஆகும். இழந்த பொருளின் முழு மதிப்பை அது ஈடுசெய்ய இயலாது. காப்பீட்டுத் தொகையோ ஒப்பந்தத்தின் வழி வரும் உரிமை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு நினைவிற்கொள்ளத்தக்கது.

கூட்டுப் பொறுப்பின் வரலாறு

ஒருவர் தாங்க முடியாத இழப்பைப் பலர் சிறிது சிறிதாகப் பகிர்ந்துகொள்வதே காப்பீட்டின் அடிப்படை. 1666இல் இலண்டன் மாநகரைப் பெருந்தீ அழித்ததன் பின்னரே தீக் காப்பீடு முறையான தொழிலாக உருப்பெற்றது. இந்தியாவில் 1850இல் கல்கத்தாவில் தொடங்கப்பெற்ற டிரைட்டன் நிறுவனம் பொதுக் காப்பீட்டின் முன்னோடியாகும். 1938ஆம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம் இத்துறைக்கு ஒழுங்கு தந்தது. 1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமை ஆயிற்று. அதுவரை இயங்கிய 107 நிறுவனங்கள் நான்கு அரசு நிறுவனங்களாக ஒருங்கிணைக்கப்பட்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியா நிறுவனம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. 1999ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒழுங்குமுறை ஆணையம் சட்டபூர்வமான அமைப்பாயிற்று. தனியார் நிறுவனங்களும் களத்தில் இறங்கின.

நிறுவனங்கள் பெருகியபோது பத்திரங்களின் வாசகங்களும் பெருகின. சாதாரண மக்கள் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பார்க்க இயலாத நிலை ஏற்பட்டது. இதைக் களைய, 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகமுள்ள பத்திரங்களை வழங்க வேண்டுமென ஆணையம் விதித்தது. வீடுகளுக்கு 'பாரத் கிருஹ ரக்ஷா' என்பதும், ஓரிடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள உடைமைகளைக் கொண்ட சிறு தொழில்களுக்கும் கடைகளுக்கும் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்பதும் அவ்வாறு வந்தவையாகும்.

வீட்டுப் பத்திரம் காப்பது எதை?

வீட்டுக்கான பத்திரம் தீ, இடி, வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், நீர்த்தொட்டி உடைதல் முதலிய இடர்களால் கட்டடத்திற்கும் அதனுள் இருக்கும் பொருள்களுக்கும் நேரும் சேதத்தை ஈடுசெய்கிறது. இங்குக் கவனிக்கவேண்டிய முதல் செய்தி, காப்பது கட்டடத்தையே அன்றி நிலத்தை அன்று என்பது. தம்பானூரில் ஒரு சென்ட் நிலத்தின் விலை எவ்வளவாயினும் அது கணக்கில் சேராது. கட்டடத்தை மீண்டும் எழுப்ப ஆகும் செலவே காப்புத் தொகையின் அளவுகோல்.

எடுத்துக்காட்டாக, 1,000 சதுர அடிப் பரப்புள்ள ஒரு வீட்டை மீண்டும் கட்டச் சதுர அடிக்கு 2,000 ரூபாய் ஆகுமெனின், காப்புத் தொகை 20 லட்சம் ரூபாய். கட்டடத்தையும் பொருள்களையும் சேர்த்துக் காப்புச் செய்யும்போது, அத்தொகையில் 20 விழுக்காடு, அதாவது 4 லட்சம் ரூபாய், வீட்டுச் சாமான்களுக்குத் தனி விவரப் பட்டியலின்றியே கிடைக்கும். இவ்வாறு தாமாகவே கிடைக்கும் காப்புக்கு உச்ச வரம்பு 10 லட்சம் ரூபாய். அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருள்களைத் தனியே அறிவிக்க வேண்டும். நகை, கலைப்பொருள் போன்ற விலைமிக்கவற்றுக்கும் தனிப் பிரிவின்கீழ்க் காப்புப் பெறுதல் அவசியம்.

இரண்டாவது செய்தி வாடகைக்குக் குடியிருப்போருக்கு உரியது. சொந்த வீடு இல்லாதவருக்கு வீட்டுக் காப்பீடு தேவையில்லை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. கட்டடம் உரிமையாளருடையது, ஆனால் கட்டில், அலமாரி, குளிர்பதனப் பெட்டி, தையல் இயந்திரம், கணினி ஆகியவை குடியிருப்பவருடையவை. இவற்றை மட்டும் தனியாகக் காப்புச் செய்யலாம். அதேபோல், வங்கிக் கடனுக்காக எடுக்கப்படும் காப்பீடு பெரும்பாலும் கட்டடத்தோடு நின்றுவிடுவதால், கடன்பெற்று வீடு கட்டியோரும் உள்ளிருக்கும் பொருள்கள் அதில் அடங்கியுள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

திருட்டு என்ற சொல்லின் பொருள்

மூன்றாவது செய்தியே பலரை ஏமாற்றத்திற்கு உள்ளாக்குவது. மேற்கூறிய வீட்டுப் பத்திரத்தில் திருட்டும் இடம்பெற்றுள்ளது. ஆயினும் அது எந்தத் திருட்டையும் குறிப்பதன்று. வெள்ளம், தீ போன்ற காப்புச் செய்யப்பட்ட நிகழ்ச்சி ஒன்று நேர்ந்து, அதன் நேரடி விளைவாக ஏழு நாள்களுக்குள் நடக்கும் திருட்டு மட்டுமே அதில் அடங்கும். வெள்ளத்தால் குடும்பம் வெளியேறியிருக்க, திறந்து கிடந்த வீட்டில் பொருள்கள் களவு போனால் ஈடு உண்டு. ஓணம் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது பூட்டு உடைக்கப்பட்டால், இப்பத்திரம் மட்டும் உதவாது. அதற்கு வீடு புகுந்து திருடுதலுக்கான காப்பைத் தனியாகவோ, பல பிரிவுகள் கொண்ட குடும்பப் பத்திரத்தின் வழியாகவோ பெற வேண்டும்.

தனிக் காப்பிலும் சொற்கள் நுணுக்கமானவை. கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் வழங்கப்படும் பத்திரங்களில், பலவந்தமாக உள்ளே நுழைதல் அல்லது பலவந்தமாக வெளியேறுதல் என்னும் நிபந்தனை பொதுவாக இருக்கும். உடைந்த பூட்டு, நெம்பப்பட்ட கதவு, கன்னமிட்ட சுவர் ஆகியவை அதற்குச் சான்று. பத்திரத்தில் அவ்வாறு விளக்கம் தரப்பட்டிருக்கும்போது, பலப்பிரயோகமோ வன்முறையோ முன்நிகழாத திருட்டுக்கு ஈடு கோர முடியாது என 2004இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தில் திருட்டுக்கு உள்ள பொதுவான விளக்கம் எதுவாயினும், இரு தரப்பையும் கட்டுப்படுத்துவது பத்திரத்தின் வாசகமே என்பது அத்தீர்ப்பின் சாரம்.

ஆகவே, கூட்டம் மிகுந்த மாலை நேரத்தில் மேசைமீதிருந்த கைப்பேசியை ஒருவர் எடுத்துச் சென்றால் கடைக்காரர் அதைத் திருட்டு என்பார். பத்திரம் அவ்வாறு சொல்லாமல் இருக்கலாம். வீட்டுப் பத்திரங்கள் சிலவற்றில் சாதாரணத் திருட்டும் சேர்க்கப்பட்டிருக்கும். குடும்பத்தினரோ பணியாளரோ உடந்தையாக இருந்த திருட்டு, குறிப்பிட்ட நாள்களுக்கு மேல் ஆளின்றிப் பூட்டிக் கிடந்த வீட்டில் நடந்த திருட்டு, இரவில் இரும்புப் பெட்டிக்கு வெளியே வைத்த ரொக்கம் ஆகியவை பொதுவாக விலக்கப்படும். இவ்விலக்குகளைப் பத்திரம் பெறும் நாளிலேயே படித்தறிவது நலம்.

பயணியின் பெட்டி

தம்பானூரைக் கடந்து செல்லும் பயணிகளின் நிலை தனியே ஆராயத்தக்கது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 100ஆம் பிரிவின்படி, ரசீது பெற்று ஒப்படைக்கப்படாத சாமான் தொலைந்தால் ரயில்வே நிர்வாகம் பொறுப்பேற்காது. பயணி தம்மோடு எடுத்துச் செல்லும் பெட்டியைப் பொறுத்தவரை, ரயில்வே ஊழியரின் கவனக்குறைவோ தவறான நடத்தையோ இழப்புக்குக் காரணம் என மெய்ப்பிக்கப்பட வேண்டும். பயணத்தின்போது இடுப்பில் கட்டியிருந்த பணத்தைப் பறிகொடுத்த ஒருவரின் வழக்கில், தம் உடைமையைத் தாமே காக்கத் தவறியதற்கு ரயில்வேயைப் பொறுப்பாக்க இயலாது என 2023இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

இணையவழிப் பயணச்சீட்டு வாங்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவான கட்டணத்தில் கிடைக்கும் பயணக் காப்பீட்டைச் சிலர் பெட்டிக்கும் உரியதென எண்ணுகின்றனர். விபத்தில் நேரும் உயிரிழப்பு, ஊனம், மருத்துவமனைச் செலவு ஆகியவற்றுக்கே அது பயன்படும். களவுபோன சாமானுக்கு அன்று. பயணச் சாமானுக்குக் காப்பு வேண்டுவோர் குடும்பப் பத்திரத்தில் அதற்கான பிரிவைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விடுதிகளில் நிலைமை சிறிது மாறுபடும். காப்பதற்கென ஒப்படைக்கப்பட்ட பொருளை, தம் சொந்தப் பொருளைப் பேணும் அறிவுள்ள மனிதரைப்போல் பேணவேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் விதிக்கும் கடமை. டில்லி விடுதி ஒன்றில், ஊழியரிடம் சாவியுடன் ஒப்படைத்த கார் திருடப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் உரிமையாளருக்கு ஈடு வழங்கியபின், அவரது இடத்தில் நின்று விடுதிமீது வழக்குத் தொடுத்தது. 'உரிமையாளர் பொறுப்பில்' என்று அச்சிட்ட சீட்டு, தன் கவனக்குறைவுக்கு விடுதியைத் தப்பவைக்காது என 2019இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஈடு பெற்றவரின் உரிமைகள் ஈடு வழங்கிய நிறுவனத்துக்கு மாறும் என்னும் கோட்பாட்டுக்கு இவ்வழக்கு நல்ல விளக்கமாகும். காப்பீடு பெற்றவர் மூன்றாமவர்மீதுள்ள தம் உரிமையை விட்டுக்கொடுத்துவிடலாகாது என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

குறைத்துக் காட்டிய மதிப்பு

பிரிமியத்தைக் குறைக்க எண்ணிச் சரக்கின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது சிறு வணிகரிடையே காணப்படும் வழக்கம். இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். கடையிலுள்ள சரக்கு 10 லட்சம் ரூபாய் பெறும். காப்பு 6 லட்சத்துக்கே செய்யப்பட்டுள்ளது. வெள்ளத்தில் 2 லட்சம் ரூபாய்ச் சரக்கு பாழாயிற்று. காப்புத் தொகைக்குள் இழப்பு அடங்குவதால் முழு 2 லட்சமும் கிடைக்கும் என வணிகர் எதிர்பார்ப்பார். ஆனால் விகித விதியின்படி அவருக்குக் கிடைப்பது 1,20,000 ரூபாயே; எஞ்சிய 80,000 ரூபாய்க்கு அவரே காப்பாளராகக் கருதப்படுவார். சிறு தொழில்களுக்கான பொதுப் பத்திரம் 15 விழுக்காடு வரையுள்ள மதிப்புக் குறைவைப் பொருட்படுத்துவதில்லை. வீட்டுக்கான பொதுப் பத்திரத்திலோ இவ்விதியே தளர்த்தப்பட்டுள்ளது. அதில் காப்புத் தொகையின் வரம்புக்குட்பட்டு முழு இழப்பும் ஈடுசெய்யப்படும்.

வாகனங்களிலும் இத்தகைய மயக்கம் உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது பிறருக்கு நேரும் இழப்புக்கான காப்பீட்டையே. தேங்கிய நீரில் மூழ்கிய தம் சொந்த இருசக்கர வாகனத்துக்கு ஈடு பெற, சொந்தச் சேதத்துக்கான காப்பும் இருத்தல் வேண்டும்.

இழப்பு நேர்ந்தபின்

திருட்டு நேர்ந்தால் உடனே காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தல் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எவ்வெல்லையில் நடந்ததாயினும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே பொருளை இழந்தவர் எல்லையைக் காரணமாகக் கொண்டு அலைய வேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் காலந்தாழ்த்தாது அறிவிக்க வேண்டும். வாகனத் திருட்டு வழக்கொன்றில், காவல் துறையிடம் உடனே புகார் செய்யப்பட்டிருக்கும்போது, நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில் நேர்ந்த தாமதத்தை மட்டும் காட்டி உண்மையான கோரிக்கையை மறுக்கலாகாது என 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. எனினும் இத்தீர்ப்பைத் தாமதத்துக்கு அனுமதியாகக் கொள்ளுதல் கூடாது.

வெள்ளச் சேதத்தில், சர்வேயர் வந்து பார்க்குமுன் நனைந்த சரக்கை அப்புறப்படுத்திவிடுதல் சான்றை இழப்பதாகும். நீர் எட்டிய உயரம் சுவரில் தெரியுமாறு நிழற்படம் எடுத்தல், எஞ்சிய சரக்கைப் பிரித்து வைத்து மேலும் கெடாமல் காத்தல், கொள்முதல் பட்டியல்களையும் கணக்குப் புத்தகங்களையும் காட்டுதல் ஆகியவை கோரிக்கையை வலுப்படுத்தும். அவ்வேடுகளும் கடையின் கீழ்த்தட்டில் இருந்து நனைந்துபோனால் இழப்பு இரட்டிப்பாகும். அவற்றின் படிகளை வேறிடத்தில் வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்துமூலம் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு கிடைக்காவிடினும், கிடைத்த தீர்வு நிறைவளிக்காவிடினும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை ஓராண்டுக்குள் அணுகலாம். கேரளத்துக்கான அலுவலகம் கொச்சியில் உள்ளது. தமிழ்நாட்டினர் சென்னை அலுவலகத்தை நாடலாம். இதற்குக் கட்டணமோ வழக்கறிஞரோ தேவையில்லை. நுகர்வோர் ஆணையங்களின் கதவும் திறந்தே உள்ளது.

காப்பீடும் காவலும்

காப்பீடு இழப்பைப் பகிர்ந்தளிக்குமே அன்றித் தடுத்து நிறுத்தாது. ஆண்டுதோறும் நீர் புகும் தெருவில் கோரிக்கைகள் பெருகினால் பிரிமியமும் உயரும். ஒரு கட்டத்தில் எளியோருக்கு அது எட்டாததாகிவிடும். எனவே அடைப்பில்லாத வடிகால், குப்பை கொட்டப்படாத கால்வாய், தெரு விளக்கு, இரவுக் காவல் ஆகியவை காப்பீட்டுக்கு மாற்று அல்ல. அதன் அடித்தளமே ஆகும். உள்ளாட்சி அமைப்பும் ரயில்வேயும் நீர்ப்பாசனத் துறையும் ஒன்றிணைந்து செயற்பட்டால்தான் ஆமயிழஞ்சான் தோடு தடையின்றி ஓடும். வணிகரும் தம் பங்குக்குச் சரக்கைத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்குதல் வேண்டும். மின்னிணைப்புகளையும் நீர்மட்டத்துக்கு மேல் அமைத்துக்கொள்ள வேண்டும்.

சாலையோர வணிகர், வாடகை அறையில் வாழும் தொழிலாளர், தையல் இயந்திரம் ஒன்றையே மூலதனமாகக் கொண்ட பெண் ஆகியோர் இன்னும் பெரும்பாலும் காப்பீட்டுக்கு வெளியே நிற்கின்றனர். ஒரே இரவின் வெள்ளம் இவர்களின் பல ஆண்டுச் சேமிப்பை அடித்துச் சென்று, மீண்டும் கடன் வலையில் தள்ளிவிடக்கூடும். வணிகர் சங்கங்கள், கூட்டுறவு வங்கிகள், குடும்பஸ்ரீ போன்ற மகளிர் அமைப்புகள் ஆகியவற்றின் வழியே, எளிய தமிழிலும் மலையாளத்திலும் பத்திரத்தின் வாசகத்தை இவர்களுக்கு விளக்கிச் சொல்லும் பணி முதலிடம் பெற வேண்டும். எது காக்கப்படுகிறது, எது காக்கப்படவில்லை என்று பிரிமியம் கட்டும் நாளிலேயே தெளிவாக அறிந்த குடிமகன், இழப்பு நேர்ந்த நாளில் தன் உரிமையை உறுதியோடு கேட்க முடியும்.